பழைய வண்டிக்கு எதிலே சிக்கனம்?

குருநாகலிலிருந்து தம்புள்ளைக்கும், அங்கிருந்து திருகோணமலைக்கும் செல்லும் பெருந்தெரு, கலேவெல நகரை ஊடறுத்துக்கொண்டு போகிறது. ஆவணி, புரட்டாதி மாதங்களிலே, பெரிய வெங்காயம் அறுவடையாகும் காலத்தில், அத்தெருவின் ஓரத்தில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். தம்புள்ளைச் சந்தைக்கு மூட்டை சுமந்து செல்லும் பிக்கப் வண்டிகளிற் பல, அவற்றை ஓட்டிச் செல்லும் இளைஞர்களைவிட வயதில் மூத்தவை! ஜப்பானிலே பிறந்து, நம் நாட்டிலே உழைத்து, இங்கேயே நரைத்துப்போன வண்டிகள் அவை.

அத்தகைய வண்டி ஒன்றின் கதையை இன்று சொல்லப் போகிறேன். வீட்டிலே பழைய வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு, அதைச் செய்விப்பதா விற்றுவிடுவதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்போருக்கு இது பயன்படலாம். வண்டியே இல்லாதவர்களுக்கும், எந்தப் பொருளை வாங்கும்போது மலிவு தேடலாம், எப்பொழுது தேடலாகாது என்ற விவகாரத்தில் ஒரு வழி புலப்படக்கூடும்.

தெருவெல்லாம் வெங்காயம்

வண்டியின் சொந்தக்காரர் எங்கள் அயலிலே வாழும் ஒரு வியாபாரி. ஊரார் எல்லோரும் அவரை 'நானா' என்றே அழைப்பார்கள். அவருடைய மகன் என்னிடம் பௌதிகவியல் படிப்பவன். வண்டி, 1991ஆம் ஆண்டிலே உருவான டொயோட்டா ஹைலக்ஸ். நானாவின் வாப்பா வாங்கியது. அந்த வண்டியிலேதான் அவர்களுடைய வீட்டுக்குக் கல்லும் மண்ணும் வந்தன. சகோதரி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபோது சாமான் போனதும் அதிலேதான்.

ஒரு நாள் பிற்பகல், இருபது மூட்டை வெங்காயத்துடன் நானா தம்புள்ளைக்குப் புறப்பட்டார். சிறிது தூரம் சென்றதும் ஏதோ தீய்கின்ற மணம் வந்தது. வண்டியும் வழக்கத்துக்கு மாறாக இழுபட்டது. சந்தை நேரம் தவறிவிடுமே என்ற அவசரத்தில் அவர் நிறுத்திப் பார்க்கவில்லை. அப்பால் ஓர் இறக்கம். இறக்கத்தின் அடியிலே பாதசாரிகள் கடவை. பாடசாலை விட்ட நேரம். பிள்ளைகள் தெருவைக் கடப்பதற்காகக் கூட்டமாக நின்றார்கள். நானா பிறேக்கை மிதித்தார். மிதி அடித்தட்டு வரை போய்விட்டது, வண்டி நிற்கவில்லை.

நல்லவேளையாக அவர் அனுபவம் உள்ள சாரதி. கியரைக் குறைத்து, கைப் பிறேக்கை இழுத்து, இடப்புறத்து மண் வரம்பிலே வண்டியை மோதவிட்டு நிறுத்திக்கொண்டார். ஒருவருக்கும் காயமில்லை. இரண்டு மூட்டைகள் அவிழ்ந்து வெங்காயம் தெருவெல்லாம் உருண்டது. கடவையிலே நின்ற பிள்ளைகளே ஓடிவந்து பொறுக்கிக் கொடுத்தார்கள்.

அன்றிரவு என் வீட்டு விறாந்தையிலே வந்து அமர்ந்த நானா நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "சேர், யாரை நான் அடித்திருப்பேனோ அந்தப் பிள்ளைகள்தான் குனிந்து குனிந்து வெங்காயம் பொறுக்கித் தந்தார்கள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை," என்றார்.

மறுநாள் கராஜிலே பாஸ் உன்னஹே வண்டியைக் கழற்றிப் பார்த்தார். காரணம் சுண்டு விரல் அளவான ஒரு பொருளிலே இருந்தது. பிறேக் மிதியை அழுத்தும்போது எண்ணெயைத் தள்ளிக் கொடுக்கும் மாஸ்டர் பம்புக்குள்ளே, கிண்ணம்போன்ற சிறு றப்பர்கள் உண்டு. ஒரு மாதத்துக்கு முன்னர்தான் நானா அவற்றை மாற்றியிருந்தார். பெட்டியிலே பெயர்பெற்ற அடையாளம் அச்சிட்டிருந்தது. விலையோ நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. உள்ளே இருந்தது போலிச் சரக்கு.

இதனை மாணவர்கள் சிறிது ஊன்றிக் கவனிக்க வேண்டும். சாதாரண பிறேக் எண்ணெய் பெற்றோலிய எண்ணெய் வகையைச் சேர்ந்ததன்று; அது கிளைக்கோல் என்னும் இரசாயன வகையின் வழிவந்தது. அந்த எண்ணெயிலே ஊறினாலும் பருக்காத ஒரு தனி வகை றப்பரையே பிறேக்குக்குப் பயன்படுத்த வேண்டும். வேறு வகை றப்பரைப் போட்டால் அது எண்ணெயை உறிஞ்சிப் பருத்துவிடும். மிதியிலிருந்து காலை எடுத்ததும் எண்ணெய் திரும்பிச் செல்வதற்காக மாஸ்டர் பம்பிலே ஒரு சிறு துளை இருக்கிறது. பருத்த றப்பர் அந்தத் துளையை அடைத்துவிட்டது. ஆகவே நானா காலை எடுத்த பின்னரும் பிறேக் சில்லை முழுவதும் விடவில்லை. அதுதான் வண்டி இழுபட்டதற்குக் காரணம். உராய்வினால் சூடு ஏறி, எண்ணெய் கொதித்து, குழாய்க்குள்ளே ஆவி உண்டாயிற்று. நீர்மத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதியின் விசையெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே செலவாயிற்று. சில்லுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

நானா அந்த றப்பரிலே மிச்சம் பிடித்த தொகை ஆயிரத்துச் சொச்சம் ரூபா!

வாங்குவதா, செய்விப்பதா?

"சேர், இந்தப் பழைய இரும்பைத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்குவதா? இல்லை, முழுக்கச் செய்விப்பதா?" என்று நானா கேட்டார்.

வாங்குவது இலேசான காரியமன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே நம் நாட்டில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றி, ஒரு டொலருக்குச் சுமார் 200 ரூபாவாக இருந்த விலை சில வாரங்களுக்குள்ளேயே 360 ரூபாவரை ஏறியதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2025 பெப்ரவரியிலே தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் கதவு திறந்தது. ஆயினும் சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, அவற்றின் மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி என்று படிப்படியாக ஏறிக் கடைக்கு வரும்போது, ஒரு புதிய பிக்கப்பின் விலை கோடிக்கணக்கிலே நிற்கிறது. வெங்காய வியாபாரி அதனைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்கலாம். ஐந்தாண்டுக் காலம் புதிய வண்டி வராமையால் பழையவற்றின் விலையும் ஏறிவிட்டது. இன்னொருவருடைய பழைய வண்டியை வாங்கினால், அவர் மறைத்த குறைகளையும் சேர்த்தே வாங்குவோம். தம்முடைய வண்டியின் குறைகளையாவது நானா அறிவார்.

பழைய வண்டியைப் பேணுவது ஏழைமைக்கு அடையாளமென்று சிலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி சொல்வேன். நம் பெரியோர்கள் விரும்பி வைத்திருந்த மொரிஸ் மைனர் காரை வாசகர்கள் அறிவார்கள். அலெக் இஸிகோனிஸ் என்பவர் வகுத்த அந்தக் கார் 1948இல் வெளிவந்தது. 1953இல் அதன் பிக்கப் வடிவமும் வந்தது. 1971இல் உற்பத்தி முற்றாக நின்றபோது, எல்லா வடிவங்களுமாகச் சுமார் 16 இலட்சம் வண்டிகள் உருவாகியிருந்தன. பின்னர் இங்கிலாந்தின் பாத் நகரிலே சார்ள்ஸ் வெயர் என்பவர் மொரிஸ் மைனர்களைப் புதுப்பிப்பதற்கென்றே ஒரு நிலையத்தை நடத்தினார். அடிக்கடி புதுக் கார் வாங்குவதைவிட ஒரே காரை நீண்ட காலம் பேணுவதே சிக்கனமென்று 1982இல் ஒரு நூலும் எழுதினார். அவருக்கு வேண்டிய உடற்தகடுகள் எங்கிருந்து போயின தெரியுமா? நம் இலங்கையிலிருந்து! இங்கே ஒரு கூட்டு நிறுவனம் அமைந்து, நம் நாட்டுத் தொழிலாளர் தகடு அடித்து அனுப்ப, அவை இங்கிலாந்திலே அவர்கள் நாட்டுக் காருக்கே பொருத்தப்பட்டன.

நம் தொழிலாளருக்கு இந்தக் கைத்திறன் வாய்த்ததற்கு நெருக்கடியும் ஒரு காரணம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலத்திலே, புதுச் சாமான் கிடையாது; இருப்பதையே கடைந்தும் ஒட்டியும் ஓட்ட வேண்டியிருந்தது. கியூபாவிலும் இதே கதைதான். 1960களின் தொடக்கத்திலே அமெரிக்காவுடன் வர்த்தகம் அற்றுப்போனபின், 1950களிலே வந்த அமெரிக்கக் கார்களுக்கு வேற்று நாட்டு டீசல் இஞ்சின்களைப் பொருத்தி அந்நாட்டவர்கள் ஓட்டி வருகிறார்கள்.

ஆயினும் எல்லாப் பழைய வண்டியும் காப்பாற்றத் தக்கதன்று. பாஸ் உன்னஹே முதலிலே செய்த காரியம் இஞ்சினைத் தொடாமல் ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியிலே படுத்ததுதான். முன்னிருந்து பின்வரை சஸியைத் தட்டிக்கொண்டு போனார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துருத் தின்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும். பசளை மூட்டை ஏற்றும் வண்டிகளுக்குத் துரு விரைவிலே பிடிக்கும். சிந்திய பசளை ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். நானாவின் வண்டியிலே பெட்டியின் அடித்தகடு சல்லடையாகியிருந்தது. கதவுகளின் அடியிலே நீர் வடியும் துளைகள் புழுதியால் அடைபட்டு, அங்கும் துரு. சஸி மட்டும் கணீரென்றது. "சஸி நல்லது, செய்யலாம்," என்று அவர் எழுந்தார். சஸி வளைந்திருந்தாலோ உக்கியிருந்தாலோ, மேலே எவ்வளவு செலவு செய்தும் பயனில்லை.

வண்டியின் சாதகம்

பாகம் வாங்கப் புறப்படுமுன் வண்டியின் சாதகத்தைப் படிக்க வேண்டும். இஞ்சின் அறைக்குள்ளே ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். பலர் அதனை ஒருநாளும் துடைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். நானாவின் மகன் துணியும் மண்ணெண்ணெயும் கொண்டு துடைத்தான். 'எல்.என். 106' என்று தொடங்கும் எழுத்துகள் தெரிந்தன.

இதிலே முதலெழுத்து இஞ்சினின் குடும்பத்தைக் குறிக்கிறது. 'எல்' என்பது டொயோட்டாவின் டீசல் குடும்பங்களுள் ஒன்று. இரண்டாவது எழுத்தாகிய 'என்' ஹைலக்ஸைக் குறிக்கிறது. எண், அதன் வகையைச் சொல்கிறது. 1968இல் வந்த முதலாவது ஹைலக்ஸ் 'ஆர்.என். 10' எனப்பட்டது; அதிலே இருந்தது 'ஆர்' குடும்பத்துப் பெற்றோல் இஞ்சின்.

நானாவின் வண்டியிலே உள்ளது '3 எல்' என்னும் இஞ்சின். அதன் நான்கு சிலிண்டர்களும் ஒவ்வொன்றும் 96 மில்லிமீற்றர் விட்டமும், பிஸ்டன் ஓடும் தூரம் 96 மில்லிமீற்றரும் கொண்டவை. மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆரை 4.8 சென்ரிமீற்றர். அதை அதனாலேயே பெருக்கி, 3.1416ஆல் பெருக்கி, 9.6ஆல் பெருக்கி, நான்கு சிலிண்டருக்காக நான்காலும் பெருக்குங்கள். 2779 கன சென்ரிமீற்றர் வரும். பதிவுப் புத்தகத்திலுள்ள எண்ணும் அதுவாக இருந்தால், பழைய இஞ்சினுக்குப் பதிலாக வேறு அளவு இஞ்சின் ஏறவில்லை என்பதற்கு அது ஒரு முதற் சான்று.

இந்தச் சாதகத்தால் என்ன பயன்? பெரும் பயன் உண்டு. இதே 'எல்' குடும்பத்து இஞ்சின்தான் நம் நாட்டிலே 'டொல்பின்' என்று அழைக்கப்படும் ஹைஏஸ் வான்களிலும் இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான்களாக அவை எத்தனையோ ஓடுகின்றன. ஆகவே இஞ்சினுக்குள்ளே போகும் பாகங்கள் இன்றும் இலகுவாகக் கிடைக்கும். பிக்கப்புக்கென்று கேட்டால் இல்லையென்று தலையாட்டும் கடைக்காரர், டொல்பினுக்கென்று கேட்டால் எடுத்துத் தருவார்! ஒயில் தொட்டியும், இஞ்சினைத் தாங்கும் கால்களும் மட்டும் இரண்டுக்கும் வேறுபடும். அவற்றைப் பழைய இஞ்சினிலிருந்தே கழற்றிப் பூட்ட வேண்டும்.

இன்னொன்று, பாகத்தின் எண். டொயோட்டாப் பாகங்களுக்குப் பெரும்பாலும் பத்து இலக்கம். ஐந்தும் ஐந்துமாகப் பிரித்து எழுதுவார்கள். முதல் ஐந்து, பொருள் இன்னதென்று சொல்லும். 90915 என்றால் ஒயில் வடிகட்டி. 13568 என்றால் டைமிங் பெல்ட். 04111 என்றால் இஞ்சினை முழுதாகப் பிரிக்கும்போது மாற்றும் கஸ்கெற் தொகுதி. அடுத்த ஐந்து, எந்த வகைக்கு உரியதென்று சொல்லும். பழைய பாகத்தைக் கழற்றியதும் அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டால், "கிட்டத்தட்ட இதேதான்" என்று ஒருவர் நீட்டும் பாகத்துடன் வீடு திரும்ப வேண்டியதில்லை.

மூன்று பெட்டி

அடுத்து எழுந்தது பணப் பிரச்சினை. வேண்டிய சாமான்களின் பட்டியல் மூன்று பக்கம். எல்லாவற்றையும் புதிதாக, கம்பனிச் சரக்காக வாங்கினால் நானாவின் ஒரு போக வருமானம் போதாது. எல்லாவற்றையும் மலிவாக வாங்கினாலோ, மறுபடியும் அந்தக் கடவையிலே போய் நிற்க வேண்டும். பாஸ் உன்னஹேயும் நானும் அமர்ந்து, பட்டியலை மூன்று பெட்டிகளாகப் பிரித்தோம். இன்றைய கட்டுரையின் சாரம் இதுவே.

முதலாவது பெட்டியிலே, வண்டியை நிறுத்துபவையும் திருப்புபவையும் இட்டோம். பிறேக் றப்பர்கள், வளையும் பிறேக் குழாய்கள், பிறேக் கட்டைகள், ஸ்டியரிங்கை இணைக்கும் மூட்டுகள், முன் டயர்கள். இவற்றுடன், தான் அறுந்தால் மற்றவற்றையும் அழிக்கும் ஒரு பொருளையும் சேர்த்தோம். அது டைமிங் பெல்ட். 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அதனை மாற்ற வேண்டும். மாற்றாமல் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனிலே மோதி இஞ்சினே பாழாகும். இந்தப் பெட்டியிலே மலிவு என்ற பேச்சுக்கு இடமில்லை. புதியது, நம்பகமானது, ரசீதுடன் வாங்கியது என்பதே விதி. வேடிக்கை என்னவென்றால், மூன்று பெட்டிகளிலும் மிகக் குறைந்த செலவு இதற்கே ஆயிற்று. உயிரைக் காக்கும் பொருள்கள் பெரும்பாலும் சிறியவை. நாம்தான் அவற்றிலே கைவைத்துச் சிக்கனம் பிடிக்கிறோம்.

பிறேக் எண்ணெயும் இந்தப் பெட்டிக்குரியதே. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 'டொட் 3' என்னும் தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை சென்ரிகிரேட்டில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மூடி திறந்தபடி அலுமாரியிலே கிடந்த பழைய போத்தலை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

இரண்டாவது பெட்டி, சுழல்பவையும் பாரம் சுமப்பவையும். கியர்ப் பெட்டி, பின்னச்சின் பற்சில்லுகள், ஸ்டாட்டர், டைனமோ, டீசல் பம்ப் முதலியன. இவற்றிலே புதியது வாங்குவது பெருஞ்செலவு. மலிவான போலி வாங்குவது வீண்செலவு. ஜப்பானிலே கழித்த வண்டிகளிலிருந்து பிரித்து இங்கு வரும் பழைய அசல் பாகங்களே இதற்கு உகந்தவை. ஆனால் அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். கியர்ப் பெட்டியின் ஒயிலை விரலிலே தொட்டுப் பாருங்கள். பளபளவென்று உலோகப் பொடி தெரிந்தால் விட்டுவிடுங்கள். அச்சைக் கையால் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் பெயரிங் தேய்ந்துவிட்டது. நானாவின் இஞ்சினுக்கு வேறு இஞ்சின் தேவைப்படவில்லை. லேத்திலே சிலிண்டர்களை அரை மில்லிமீற்றர் கூடுதலாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களைப் பூட்டினார்கள். டீசல் பம்பை அதற்கென்றே உள்ள ஒரு வேலைத்தளத்திலே கொடுத்துச் சரிசெய்வித்தோம்.

மூன்றாவது பெட்டி, மூடுபவையும் அலங்கரிப்பவையும். கதவு, மட்கார்ட், ஆசனம், சரக்குப் பெட்டி, கண்ணாடி ஏற்றும் கைபிடி. இங்கேதான் மனிதன் தாராளமாகச் சிக்கனம் செய்யலாம். துருவேறிய அடித்தகட்டை வெட்டி எறிந்துவிட்டு, ஊர்த் தச்சரைக் கொண்டு பலகையடித்தோம். கதவின் அடியை டிங்கர் பாஸ் ஒருவர் புதுத் தகடு வெட்டி ஒட்டிக் கொடுத்தார். ஆசனத்தை நானாவின் மனைவியே ரெக்சின் வாங்கித் தைத்தார். வர்ணம் ஒன்றுதான் மிஞ்சியது. அதனை இந்த அறுவடை முடிந்தபின் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தோம். பெரும்பாலோர் இதனைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பளபளக்கும் வர்ணம், புதுச் சில்லுத் தட்டு, பாட்டுப் பெட்டி. கையிலே காசு கரைந்தபின் பிறேக்குக்கு மலிவுச் சரக்கு. ஒரு குடும்பத்திலே பிள்ளையின் படிப்புச் செலவைக் குறைத்துவிட்டுக் கலியாண மண்டபத்துக்கு விளக்கு அலங்காரம் செய்வதைப் போன்றதே இதுவும்.

பஞ்சிகாவத்தையிலே

பட்டியலுடன் ஒரு சனிக்கிழமை கொழும்புக்குப் போனோம். உதிரிப் பாகமென்றால் பஞ்சிகாவத்தை. தெருவின் இருமருங்கும் கடைகள். கூரை வரை தொங்கும் பம்பர்கள், அடுக்கிய கதவுகள், ஒயிலிலே கறுத்த நிலம். புதிதாகப் போகிறவருக்குத் தலை சுற்றும். நுகேகொடைப் பக்கத்திலே தெல்கந்தையிலும் ஜப்பானியப் பழைய பாகங்களுக்குக் கடைகள் உண்டு.

அங்கு நாங்கள் கைக்கொண்ட முறைகளைச் சொல்கிறேன். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டு சென்றோம். வாயால் வருணிப்பதைவிட மேசையிலே வைத்துக் காட்டுவது மேல். குறைந்தது மூன்று கடையிலே விலை கேட்டோம்; மூன்றிலும் ஒரே விலை சொன்னால் அது சந்தை விலை, ஒன்றிலே மட்டும் பாதி விலையென்றால் அங்கே காரணம் கேட்டோம். பெட்டியிலுள்ள அச்சை மட்டும் பாராது, பாகத்திலே வார்த்திருக்கும் எண்ணையும் வேலைத் துப்புரவையும் பார்த்தோம். ரசீது தர மறுத்த இடத்திலே ஒன்றும் வாங்கவில்லை. ரசீதில்லாத பாகம் ஒருவேளை இன்னொருவருடைய முற்றத்திலிருந்து இரவிலே கழன்று வந்ததாகவும் இருக்கலாம். அதனை வாங்குகிறவர், அடுத்த முறை தமது வண்டியைக் கழற்ற வருகிறவனுக்கு இன்றே முற்பணம் கொடுக்கிறார்.

முழு இஞ்சினையே மாற்ற எண்ணுவோர் ஒன்றை மறக்கலாகாது. இஞ்சினின் எண் பதிவுச் சான்றிதழிலே எழுதப்பட்டிருக்கிறது. இஞ்சினை மாற்றினால் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திலே அறிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கும் ரசீது வேண்டும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்குப் புகைப் பரிசோதனை உண்டு. கறுப்புப் புகை கக்கும் டீசல் வண்டி அங்கே பிடிபடும். நானாவின் வண்டி, பம்பைச் சரிசெய்த பின்னர் முதல் முறையிலேயே தேறிவிட்டது.

கணக்கு முடிந்தது

வேலை முடிய நான்கு மாதம் சென்றது. அந்த நான்கு மாதமும் நானா மூட்டைக்கு இவ்வளவென்று கூலி கொடுத்து வேறு வண்டியிலே சரக்கு அனுப்பினார். அந்தக் கூலியையும் செலவுக் கணக்கிலே சேர்த்தே எழுதச் சொன்னேன். வண்டி கராஜிலே நிற்கும் நாளும் ஒரு செலவுதான். பலர் அதனைக் கணக்கிலே எடுக்காமல் ஏமாந்துபோகிறார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, அதே வகைப் பழைய வண்டியொன்றை வாங்கும் விலையிலே மூன்றில் ஒரு பங்கும் ஆகவில்லை.

கணக்கு எழுதியவன் நானாவின் மகன். சனி, ஞாயிறுகளிலே அவன் கராஜிலேயே கிடந்தான். எந்தப் பாகம், எந்த எண், எந்தக் கடை, என்ன விலை, எந்த நாளிலே பூட்டியது என்று ஒரு கொப்பியிலே எழுதி, ரசீதுகளையும் ஒட்டி வைத்திருக்கிறான். அந்தக் கொப்பி இப்பொழுது வண்டியின் முன்பெட்டிக்குள்ளே இருக்கிறது. ஒருநாள் அந்தப் பருத்த றப்பர் இரண்டையும் ஒரு போத்தலிலே போட்டு எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தான். புதிய றப்பரையும் பக்கத்திலே வைத்துக் காட்டினான். நீர்ம அமுக்கம் பற்றி நான் பல ஆண்டுகளாகக் கரும்பலகையிலே எழுதி விளக்கிய பாடம், அன்று ஐந்து நிமிடத்தில் மாணவர்களுக்கு விளங்கிவிட்டது.

பாஸ் உன்னஹேக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சுத்தியலாற் தட்டிச் சஸியின் நலம் அறியும் காது அவருடையது. அந்தக் காதை ரசீது கொடுத்து எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அவரிடம் தொழில் பழக வந்த இளைஞர் இருவரும் வெளிநாடு போய்விட்டார்கள். நம் பிள்ளைகளுள் கைத்தொழிலிலே நாட்டமுள்ளவர்கள், பரீட்சை முடிந்த ஓய்வுக் காலத்திலாவது இத்தகையவர்களிடம் போய் நின்று பார்க்க வேண்டும். பெற்றோரும் அதற்கு இடங்கொடுக்க வேண்டும்.

சென்ற வாரம் நானாவுடன் அந்த வண்டியிலே தம்புள்ளை வரை போனேன். வர்ணம் இன்னும் அடிக்கவில்லை. ஒட்டுப்போட்ட கதவு ஒரு நிறம், மற்றது வேறு நிறம். இறக்கம் வந்தது. கடவையருகே ஒரு குஞ்சுகூட இல்லை, பாடசாலை விடுமுறை. ஆயினும் நானா இறக்கத்தின் தலைப்பிலேயே பிறேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்தார். மிதி பாதியிலே கல்லுப்போல நின்றது. அதன் பின்னரே கீழே இறங்கினார்.